ஒருவர் குறைந்த மேடை

2002 ஜூன் 27 அன்று லாஸ் வேகாஸில் ஓர் ஓட்டல் அறையில் ஜான் என்ட்விசில் இறந்துபோனார். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து 'தி ஹூ' குழுவுக்கு பேஸ் கிதார் வாசித்தவர் அவர். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி மறுநாள் அதே ஊரில் நடக்க வேண்டியிருந்தது. தொடக்க நாட்கள் தள்ளிவைக்கப்பட்டன. ஜூலை 1ஆம் தேதி ஹாலிவுட் பவுல் அரங்கில் குழு மேடையேறியபோது, என்ட்விசில் நின்ற இடத்தில் பினோ பல்லடினோ என்ற வேல்ஸ் நாட்டுக் கலைஞர் நின்றார். இடைவெளி நான்கு நாள். நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வளர்ந்த ஒலியை நான்கு நாளில் வேறொருவர் எப்படி ஏந்துவது?

பல்லடினோ அதற்கு முயலவில்லை. நீங்கள் உங்களைப் போலவே வாசியுங்கள் என்று குழுத் தலைவர் பீட் டவுன்ஷெண்ட் சொல்லிவிட்டார். என்ட்விசிலுடைய பேஸ் அடித்தளமாக அடங்கிக் கிடக்கும் வகையைச் சேர்ந்ததன்று. கூர்மையும் பேரோசையுமாக, முன்னணி கிதாரைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். 1965இல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில் தனி ஆவர்த்தனம் பேஸுக்குத்தான் கிடைத்தது. அவருடைய ஒலி ஒரு பெரிய தேவாலய ஆர்கன் போல வெளி முழுவதையும் நிரப்பிவிடும் என்று டவுன்ஷெண்ட் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் விவரித்தார். பல்லடினோ அடக்கமாக வாசிக்கத் தொடங்கியதும், மேடையில் தனக்கு ஒரு வேலை கிடைத்ததுபோல் இருந்தது என்றும் அவர் ஒப்புக்கொண்டார். நண்பனை இழந்த துயரத்தோடு சேர்ந்து வந்த இந்தக் கண்டுபிடிப்பை வெளியே சொல்ல ஒரு கலைஞனுக்குத் துணிவு வேண்டும். டவுன்ஷெண்ட் சொன்னதில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி அடங்கியிருக்கிறது. ஒருவர் போனபின் மற்றவர்களின் கைகள் எதை வாசிக்கின்றன?

இசைத்தட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, பதிந்தது பதிந்தபடி இருக்கும். மேடைதான் ஒவ்வோர் இரவும் பதில் சொல்லியாக வேண்டும். இழப்புக்குப் பின் எழுந்து நின்ற குழுக்களையும் தடுமாறிய குழுக்களையும் வரிசையாக வைத்துக் கேட்டபின் எனக்குத் தெளிவாவது இது: போனவரின் வாத்தியத்துக்கு ஆள் தேடுவது எளிது, அவர் குழுவுக்குள் உண்மையில் செய்துவந்த வேலை என்ன என்று கண்டுபிடிப்பது கடினம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

'தி ஹூ' இதற்கு முன்பே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட குழு. டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் 1978 செப்டம்பர் 7 அன்று இறந்தார். மற்றக் குழுக்களில் டிரம்ஸும் பேஸும் கைகோத்துக் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொள்ளும், கிதார் அதன்மேல் விளையாடும். இங்கே தலைகீழ். டவுன்ஷெண்டின் கிதார் வீச்சுதான் தாளத்தைத் தாங்கியது. மூனும் என்ட்விசிலும் அதன்மேல் விருப்பம்போல் ஓடினார்கள். மூன் பாட்டுக்குத் தாளம் போட்டார் என்பதைவிடப் பாடகரின் வரியோடு சண்டையிட்டார் என்பது பொருந்தும். அவருக்குப் பின் வந்த கென்னி ஜோன்ஸ் 'ஸ்மால் ஃபேசஸ்' குழுவில் பெயர் வாங்கியவர், காலம் தவறாதவர், நேர்த்தியானவர். 1979 மே மாதம் லண்டன் ரெயின்போ அரங்கில் புதிய அணி மேடையேறியது. ஜோன்ஸின் வாசிப்பு இந்தக் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று பாடகர் ரோஜர் டால்ட்ரி வெளிப்படையாகவே சொன்னார். குற்றம் ஜோன்ஸிடம் இல்லை. தாளத்தைக் கிதார் தாங்கும் வீட்டில் அவரும் தாளத்தையே தாங்கினார். ஒரே வேலையை இருவர் செய்தார்கள், மூன் செய்த வேலையை யாரும் செய்யவில்லை. 1996இல் ஜாக் ஸ்டார்கி வந்தபோது அந்த இடம் உயிர்பெற்றது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருடைய மகன் அவர். சிறுவயதில் மூனிடமிருந்தே ஒரு டிரம்ஸ் செட்டைப் பரிசாகப் பெற்றவர். மூனைப் படியெடுக்காமல், மூனைப் போலவே பாட்டைக் கேட்கப் பழகியிருந்தார்.

தாளக்காரர் போனால் கேட்பவருக்கு முதலில் புரிபடுவது வேகம். அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார். ஸ்னேர் டிரம்மில் அடி விழும் கணத்தில் ஹைஹாட்டிலிருந்து மற்றக் கையைத் தூக்கிவிடுவது அவருடைய வழக்கம். இரண்டு ஒலியும் ஒன்றன்மேல் ஒன்று விழாததால் அந்த அடி மட்டும் தனியாக, ஈரமில்லாமல் ஒலிக்கும். கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் முன்னே போக, வாட்ஸ் அதைப் பார்த்துப் பின்தொடர்வார். இந்த மயிரிழைப் பின்தங்கலில்தான் அந்தக் குழுவின் ஆட்டமே இருந்தது. அடுத்த மாதமே செயின்ட் லூயிஸ் நகரில் சுற்றுப்பயணம் தொடங்கியது. ஸ்டீவ் ஜோர்டன் டிரம்ஸில் உட்கார்ந்தார். ரிச்சர்ட்ஸோடு எண்பதுகளிலிருந்தே வேறு மேடைகளில் வாசித்தவர் என்பதால் அந்தக் கிதாரின் மூச்சு அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய அடி கனமானது, முன்னே தள்ளுவது. பழைய பாட்டுகள் தோள் நிமிர்த்தி நடப்பதுபோல் கேட்டன. எனக்கு வாட்ஸின் சோம்பலான நடைதான் பிடிக்கும். ஆனாலும் ஜோர்டன் தன் கையால் வாசித்ததே நேர்மையான முடிவு என்பேன்.

'ஆர்.இ.எம்.' குழுவின் கதை வேறுவிதம். டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரிக்கு 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையிலேயே மூளை இரத்தக்குழாயில் கோளாறு ஏற்பட்டது. பிழைத்து வந்து வாசித்தவர், 1997 அக்டோபரில் விடைபெற்றார். நாயின் ஒரு கால் போனாலும் அது நாய்தான், மூன்று காலில் ஓடப் பழக வேண்டும் என்ற கருத்தில் பாடகர் மைக்கேல் ஸ்டைப் அப்போது பேசினார். மறு ஆண்டு வந்த 'அப்' தொகுப்பில் பெர்ரியின் இடத்தை மின்னணுத் தாளக் கருவிகளும் கீபோர்டுகளும் நிரப்பின. மேடைக்கு அமர்த்திய தாளக்காரர்கள் திறமைசாலிகள். ஆனாலும் பழைய பாட்டுகளில் ஏதோ குறைந்தது. பெர்ரி டிரம்ஸ் மட்டும் வாசிக்கவில்லை. பின்குரல் பாடினார், பாட்டு எழுதினார், நீண்டுவிட்ட பாட்டைச் சுருக்கச் சொன்னார். அந்த வேலைகளுக்கு யாரையும் அமர்த்த முடியவில்லை.

'மெட்டாலிகா'வில் இதே செய்தி ஒலியாகவே கேட்கும். 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் விரல்களால் மீட்டுபவர். ஒரு மாதத்தில் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் பிக் என்னும் மீட்டுவில்லை பிடித்து வாசிப்பவர். அடிக்குரல் உருளல் போய், நறுக்கென்ற வெட்டொலி வந்தது. பர்ட்டனின் அடையாளம் பேஸ்தான். நியூஸ்டெட்டோ மைக்கின் முன் நின்று முரட்டுப் பின்குரல் கொடுத்தார், பதினான்கு ஆண்டுகளில் அந்தக் குரல் கச்சேரியின் பகுதியாகவே ஆகிவிட்டது. 2001இல் அவர் விலகினார். 2003இல் வந்த ராபர்ட் ட்ருஹியோ மறுபடி விரலால் மீட்டுபவர். பேஸ் பழைய உருளலுக்குத் திரும்பியது, பின்குரல்தான் மெலிந்தது. ஒரே நாற்காலியில் மூவர் அமர்ந்தார்கள், இரண்டு விதமான ஓட்டை விழுந்தது.

குரல் போனால் நிலைமை இன்னும் கடுமை. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடகர் மாறினால் கட்டை மாறும். கட்டை மாறினால் கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானைத் தட்டிச் சமாளிப்பார், கிதார்காரர் மாட்டிக்கொள்வார். ராக் இசையின் கிதார் வரிகள் பல, அழுத்தாமல் விட்ட தந்திகளின் முழக்கத்தை நம்பியவை. அரைக் கட்டை இறக்கினால் தந்திகளையே தளர்த்த வேண்டும், தளர்த்தினால் மீட்டலின் விறைப்பு குறையும். ஆகவே புதிய பாடகரைத் தேடும்போது குரல் அழகைவிட அந்தப் பாட்டுகளின் சுருதியில் நின்று பாடக்கூடியவரா என்பதே முதல் கேள்வியாகிறது.

'ஜெனிசிஸ்' குழு 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியலை இழந்தபோது வெளியே பலரைப் பாடவைத்துப் பார்த்தது. கடைசியில் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த ஃபில் காலின்ஸே பாடினார். பின்குரல் பாடிப் பாடி அந்தப் பாட்டுகளின் சுருதியும் மூச்சும் அவர் தொண்டையில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் பாடகர் கிடைத்ததும் டிரம்ஸ் காலியாகிவிட்டது. 1976 சுற்றுப்பயணத்துக்கு பில் ப்ரூஃபர்டும், மறு ஆண்டிலிருந்து செஸ்டர் தாம்ஸனும் வந்தார்கள். இங்கேதான் குழுவின் புத்திசாலித்தனம் தெரிகிறது. பாடாத நீண்ட பகுதிகளில் காலின்ஸ் பின்னே போய்த் தன் டிரம்ஸில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு தாளக்காரர்கள் சேர்ந்து முழங்குவார்கள். நம் கச்சேரியில் மிருதங்கமும் கடமும் தனியில் மாறிமாறிப் பேசுவதுபோல, அந்த இரட்டை டிரம்ஸ் பகுதிக்காகவே ரசிகர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். கேப்ரியல் இருந்த காலத்தில் இல்லாத ஒன்று, அவர் போனதால் பிறந்தது. 1977இல் வந்த 'செகண்ட்ஸ் அவுட்' நேரடிப் பதிவில் அதைக் கேட்கலாம். அதே ஆண்டு கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹேக்கெட்டும் விலகினார். மேடையில் டேரில் ஸ்டூர்மர் சேர்ந்து, குழுவின் பேஸ் கலைஞர் மைக் ரூதர்ஃபோர்டோடு கிதாரையும் பேஸையும் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொண்டார்.

மான்செஸ்டரின் 'ஜாய் டிவிஷன்' இதைவிட ஆழமான பள்ளத்தில் விழுந்தது. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, குழு அமெரிக்காவுக்குப் புறப்படவிருந்த வேளையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23. மீதமிருந்த மூவரும் பெயரை விட்டுவிட்டு 'நியூ ஆர்டர்' ஆனார்கள். மூவரும் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் பெர்னார்ட் சம்னர் மைக்கை ஏற்றார். ஆனால் பாடிக்கொண்டே கிதார் வாசிக்க அவருக்கு வரவில்லை. அந்த வருடமே கில்லியன் கில்பர்ட் கீபோர்டுக்கும் கிதாருக்கும் வந்தார். வரி பாடும்போது சம்னரின் கிதார் மௌனம், வரி முடிந்ததும் கிதார் நுழையும். நடுவில் ஓடும் இடத்தைப் பீட்டர் ஹுக்கின் உச்சஸ்தாயி பேஸும் இயந்திரத் தாளமும் நிரப்பின. ஒரு மனிதரின் இயலாமையைச் சுற்றிக் கட்டிய அமைப்பு அது. 1983இல் 'ப்ளூ மண்டே' வந்தபோது நடன அரங்குகள் முழுவதும் அந்த அமைப்பைப் பின்தொடர்ந்தன. கர்ட்டிஸ் விட்டுச்சென்ற இன்னொரு ஓட்டையை ஹுக் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒத்திகையில் மூவரும் மனம்போன போக்கில் வாசிக்கும்போது, இது நன்றாக இருக்கிறது, திரும்ப வாசி என்று நிறுத்திச் சொல்லும் காது கர்ட்டிஸுடையது. குழு இழந்தது குரலை மட்டுமல்ல, அந்தச் செவியையும்தான்.

குடும்பத்துக்குள்ளேயே வித்தை கைமாறும் வழியும் உண்டு. 'ஏசி/டிசி'யின் தாள கிதார் கலைஞர் மால்கம் யங் நினைவிழப்பு நோயால் 2014இல் ஒதுங்கியபோது அண்ணன் மகன் ஸ்டீவி யங் வந்தார். 1988லேயே சில மாதம் சித்தப்பாவுக்காக வாசித்தவர் அவர். கேட்பவருக்கு வேறுபாடு தெரியவே இல்லை. மால்கத்தின் வேலை முன்னால் தெரியாமல் சுவர்போல் நிற்பது, ஸ்டீவிக்கு அந்தச் சுவரின் கனம் தெரிந்திருந்தது.

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்தது 'ஆல்மன் பிரதர்ஸ்' குழுதான். ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரில் 1971 அக்டோபர் 29 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் ஆல்மன் இறந்தார். வயது 24. அந்தக் குழுவின் அடையாளமே இரட்டைக் கிதார். டுவேனும் டிக்கி பெட்ஸும் ஒரே மெட்டை இரண்டு சுர நிலைகளில் இணைத்து வாசிப்பார்கள். ஒருவர் கிளம்ப மற்றவர் பின்தொடர்ந்து போய்ச் சேர்ந்துகொள்வார். அந்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான கச்சேரி அதன் உச்சம். டுவேன் போனபின் பல மாதங்கள் ஐவராகவே ஊர் ஊராய்ப் போய் வாசித்தார்கள். பெட்ஸ் தன் பங்கையும் டுவேனின் கண்ணாடிக் குப்பி வைத்து இழையும் ஸ்லைடு பங்கையும் சேர்த்துத் தூக்கினார். ஒற்றைத் தோளில் இரண்டு குடம்.

அப்போது எவரும் எதிர்பார்ப்பது இன்னொரு கிதார்காரரை. அவர்கள் 1972இல் சேர்த்துக்கொண்டது சக் லெவல் என்ற இருபது வயதுப் பியானோக்காரரை. டுவேனின் தம்பி கிரெக் ஆல்மன் ஏற்கெனவே ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த குழு அது, பியானோ தேவை என்று யாருக்கும் தோன்றியிராது. ஆனால் டுவேன் செய்த வேலை என்ன? பெட்ஸ் ஒன்று சொன்னால் சமமாக நின்று பதில் சொல்வது. அதைக் கிதார்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. 1973இல் வந்த 'ஜெசிகா' என்ற வாத்திய உருப்படியில் கிதாரும் பியானோவும் ஒரே மெட்டில் தோள் உரசிப் போவதைக் கேளுங்கள். டுவேனோடு ஒப்பிட ஆளே இல்லாததால் லெவல் தன் இயல்பில் வாசிக்க முடிந்தது. ரசிகர்களின் காதும் பழைய ஒலியைத் தேடவில்லை. 1972 நவம்பர் 11 அன்று பேஸ் கலைஞர் பெர்ரி ஓக்லியும், டுவேன் விழுந்த இடத்துக்குச் சில தெருக்கள் தள்ளி, அதேபோல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அந்தக் குழு அதையும் தாங்கியது. இரட்டைக் கிதாருக்கு அவர்கள் மீண்டும் திரும்ப வருடங்கள் ஆயின. காயம் ஆறும்வரை அந்த இடத்தைத் தொடாமல் விட்டது சரியான வைத்தியம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'இ ஸ்ட்ரீட் பேண்ட்' குடும்ப வாரிசையும் அமைப்பு மாற்றத்தையும் கலந்து செய்தது. சாக்ஸபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011 ஜூன் 18 அன்று மறைந்தார். மறு ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவருடைய இடத்தில் ஊது வாத்தியக்காரர்கள் ஐவர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கிளாரன்ஸின் சகோதரர் மகன் ஜேக். தனியாக நிறுத்தியிருந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் பெரியப்பாவோடு அவரை ஒப்பிட்டிருப்பார்கள். கூட்டத்தின் நடுவே நின்று, தன் முறை வரும்போது மட்டும் முன்னே வந்தார். கிளாரன்ஸைக் குறிப்பிடும் வரி வரும் பாட்டில் வாத்தியங்கள் அனைத்தும் நின்றுவிடும், அரங்கம் முழுவதும் அவருக்காக ஆர்ப்பரிக்கும். அதே வழியில் 'லிங்கின் பார்க்' 2017 அக்டோபரில் மறைந்த பாடகர் செஸ்டர் பென்னிங்டனுக்கு நடத்திய நினைவுக் கச்சேரியில் ஒரு பாட்டுக்கு மைக்கை வெறுமையாக விட்டு விளக்கைப் போட்டது, வரிகளைக் கூட்டம் பாடியது. வெற்றிடத்தை மறைக்காமல் காட்டுவதும் ஒலியமைப்பின் ஒரு முறைதான், ஆனால் ஓர் இரவில் ஒருமுறைக்குமேல் அது தாங்காது.

பதிவு செய்த குரலையோ வாத்தியத்தையோ டிராக் போட்டு ஓட்டுவது குறுக்குவழி. டிராக் ஓடினால் டிரம்ஸ்காரர் காதில் கிளிக் சத்தம் வேண்டும், வேகம் பூட்டப்படும், கூட்டம் கொதிக்கும் இரவில்கூட ஒரு வரியை நீட்ட முடியாது. 'குயீன்' குழு ஃப்ரெடி மெர்குரி இருந்தபோதே 'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவிலுள்ள ஓபரா பகுதிக்கு டேப்பைத்தான் ஓட்டியது, அது நேர்மையாகச் செய்த ஏற்பாடு. போனவரின் குரலை முழுப் பாட்டுக்கும் ஓட்டிவிட்டு உயிரோடிருப்பவர்கள் பின்னால் வாசிப்பதை என்னால் கச்சேரி என்று ஏற்க முடியவில்லை.

நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. டிரம்ஸ் கலைஞர் ஜான் போனம் 1980 செப்டம்பரில் இறந்ததும் 'லெட் செப்பலின்' டிசம்பரில் கலைந்தது. மேடையில் ஒரு பாட்டை இருபது நிமிடம் விரித்து, எங்கே திரும்புவது என்று முடிவுசெய்யும் உரையாடலின் மையம் போனத்தின் கைகள். அவர் இல்லாமல் பாட்டு இருக்கும், அந்த உரையாடல் இருக்காது. ஆடம் யாக் 2012இல் இறந்தபின் 'பீஸ்டி பாய்ஸ்' மேடையேறவே இல்லை. மூன்று குரல்கள் ஒரே வாக்கியத்தைப் பங்குபோட்டுச் சொல்லும் குழுவில் மூன்றாவது குரலை வாடகைக்கு எடுக்க முடியாது. இரு முடிவுகளையும் நான் மதிக்கிறேன்.

நம் வீட்டு வாசலுக்கே வரும் எடுத்துக்காட்டு 'சக்தி'. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளில் தொடங்கிய இந்தக் குழு, ஆள் மாறும்தோறும் ஒலியையே மறுபடி யோசித்தது. 1976இல் வெளியான முதல் தொகுப்பு ஒரு நேரடிக் கச்சேரியின் பதிவு. கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, டி.எச். விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம். அடுத்த தொகுப்பிலேயே ராகவன் இல்லை. தபலாவும் கடமும் நேருக்கு நேர் பேசத் தொடங்கின. இந்துஸ்தானிக் கையும் கர்நாடகக் கையும் நடுவர் இல்லாமல் மோதியது அப்போதிருந்துதான்.

தொண்ணூறுகளின் இறுதியில் குழு 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டபோது வயலின் இல்லை. சிலகாலத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். கடத்தின் இடத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். சங்கர் மகாதேவன் பாட வந்தார். மின்கிதாரும் மின்மாண்டலினும் தந்தியைத் தட்டி ஒலிப்பவை. இரண்டின் மீட்டலும் ஒரே கூர்மை. வேகக் கோவைகளில் எது யாருடைய சுரம் என்று கண்ணை மூடிக் கேட்பவருக்குப் பிடிபடாது. அதுதான் அந்த அணியின் மயக்கம்.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயது 45. அவர் இடத்துக்கு இன்னொரு மாண்டலினைத் தேடியிருந்தால், யார் வந்தாலும் ஒவ்வோர் அனுசுரத்திலும் ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வந்திருப்பார். சில ஆண்டுகள் கழித்துக் குழு மறுபடி கூடியபோது வந்தவர் வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன், கணேஷ்–குமரேஷ் இரட்டையரில் மூத்தவர். தட்டி ஒலிக்கும் கிதாருக்கு எதிரே இழுத்து ஒலிக்கும் வில். சுரம் நின்று ஒலித்தது, கமகம் நீண்டது, கிதாரின் கூர்மை தனியாகத் தெரிந்தது. மகாதேவனின் குரலுக்கும் உடன் நடக்கத் துணை கிடைத்தது. புதிய ஒலி என்று தோன்றிய இது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சங்கர் வாசித்த முதல் 'சக்தி'யின் எலும்புக்கூடுதான். 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். தொடக்கம் முதல் மெக்லாஃப்லினோடு இருந்த ஒரே ஒருவர் அவர்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1976இல் வந்த முதல் 'சக்தி'யையும், 2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'யையும், 'திஸ் மொமென்ட்'டையும் அடுத்தடுத்து, நல்ல ஒலிபெருக்கியில், ஒரே மாலையில் கேளுங்கள். மிருதங்கம் போனது, வயலின் போனது, மாண்டலின் வந்து போனது, வில் திரும்பியது எல்லாம் காதிலேயே கேட்கும். மூன்றிலும் மாறாமல் ஒலிப்பவை மெக்லாஃப்லினின் கிதாரும் ஜாகிரின் தபலாவும் மட்டும்.